ஓ.பி. சீட்டில் ஏறாத நாட்கள்: குணமாகாத புற்றுநோயில் நோயாளியையும் வீட்டாரையும் ஏன் கேட்க வேண்டும்?

"முழுசா குணமாகாதும்மா. ஆனா மருந்த விடாம எடுத்தா கட்டுப்பாட்டுல வச்சிக்கிடலாம்."

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலோ மதுரையிலோ திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மையத்திலோ மருத்துவர் இப்படிச் சொல்லக் கேட்டுவிட்டு வெளியே வரும் குடும்பங்கள் இரண்டு விதமாகப் பிரிகின்றன. முதல் வாக்கியத்தை மட்டும் காதில் வாங்கியவர்கள் அன்றைக்கே சொந்தபந்தத்துக்குச் சொல்லி அனுப்புகிறார்கள். இரண்டாவதை மட்டும் வாங்கியவர்கள் சில மாதம் மாத்திரை சாப்பிட்டு, உடம்பு கொஞ்சம் தேறியதும் நோய் போய்விட்டதென்று நிறுத்திவிடுகிறார்கள். இரண்டு புரிதலுமே ஆபத்தானவை.

இதன் மேல் இன்னொரு குழப்பம். ‘சிகிச்சையை மேம்படுத்துவதில் நோயாளிகளையும் குடும்பத்தினரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்’ என்று மருத்துவச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். நோயில் கிடக்கிற ஒருவர், அதுவும் மருத்துவம் படிக்காத ஒருவர், புற்றுநோய்ச் சிகிச்சையில் எதை மேம்படுத்திவிட முடியும்? நியாயமான கேள்விதான். பதிலுக்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

எந்தப் புற்றுநோயைப் பற்றிப் பேசுகிறோம்?

ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து, அறுவைசிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ மருந்தாலோ முழுதாக நீக்கிவிடக்கூடியது ஒரு வகை. கண்டுபிடிக்கும்போதே எலும்புக்கோ கல்லீரலுக்கோ நுரையீரலுக்கோ பரவிவிட்டது, அல்லது எலும்பு மஜ்ஜையில் தோன்றி இயல்பிலேயே உடம்பெங்கும் இருப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையில் மருந்து பெரும்பாலான புற்றணுக்களைக் கொன்றாலும் கொஞ்சம் தப்பிவிடும். தப்பியவை மெல்லப் பெருகும். சில மாதமோ சில ஆண்டோ கழித்து அந்த மருந்துக்கே மசியாமல் போகும். அப்போது மருத்துவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். ‘ஃபர்ஸ்ட் லைன்’, ‘செகண்ட் லைன்’ என்று மருத்துவமனையில் பேசிக்கொள்வது இதைத்தான்.

சில உதாரணங்கள்:

1. மல்டிபிள் மைலோமா. எலும்பு மஜ்ஜையில் வரும் புற்று. சாதாரண முதுகுவலி என்று பல மாதம் தைலம் தேய்த்த பிறகே பலருக்குத் தெரியவருகிறது. லெனலிடொமைடு, போர்ட்டிசோமிப், ஸ்டீராய்டு மருந்துகளால் பல ஆண்டுகள் அடக்கிவைக்க முடிகிறது.

2. எலும்புக்குப் பரவிய, ஹார்மோனைச் சார்ந்து வளரும் மார்பகப் புற்று. தினசரி மாத்திரையிலேயே நீண்ட காலம் ஓடுகிறவர்கள் உண்டு.

3. பரவிய புராஸ்டேட் புற்று. மாதம் ஒரு தடவையோ மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ போடும் ஊசி.

4. சில மரபணு மாற்றங்கள் உள்ள நுரையீரல் புற்று. அந்த மாற்றத்தையே குறிவைக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன.

5. சி.எம்.எல். என்ற இரத்தப் புற்று. 2001-ல் இமாட்டினிப் மாத்திரை வந்த பிறகு இதன் கதையே மாறியது. மருந்தை ஒழுங்காக எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஏறக்குறைய இயல்பான ஆயுளை வாழ்கிறார்கள்.

மருத்துவர்கள் இதை விளக்கும்போது, "சர்க்கரை மாதிரி நினைச்சுக்கிடுங்க" என்பார்கள். தினசரி மருந்து, அவ்வப்போது பரிசோதனை என்ற அளவில் அது சரி. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய வாரம் தூக்கம் கெடுவது சர்க்கரையில் இல்லை. ஒரு ஸ்கேன் முடிவு மருந்தை மாற்றும், செலவை மாற்றும், மகள் கல்யாணத்தை முன்னால் இழுக்கும். முழு ஆரோக்கியமும் இல்லை, சாவின் விளிம்பும் இல்லை. இந்த நடு நிலையில் ஒருவர் மூன்று ஆண்டோ எட்டு ஆண்டோ வாழலாம். நம் மருத்துவமனைகளின் ஏற்பாடுகள் குணப்படுத்தி அனுப்புவதற்கும் கடைசி நாட்களைக் கவனிப்பதற்கும்தான் பழகியவை. நடுவில் நீளும் இந்த ஆண்டுகளுக்கான ஏற்பாடு மிகக் குறைவு. மேம்படுத்த வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது.

குழம்பக் கூடாத நான்கு

1. குணப்படுத்தும் சிகிச்சை: நோயை முழுதாக நீக்கும் நோக்கம் கொண்டது.

2. கட்டுப்படுத்தும் சிகிச்சை: நோயைச் சுருக்கி, வளராமல் பிடித்துவைப்பது. கீமோ, மாத்திரை, ஊசி, கதிர்வீச்சு எதுவாகவும் இருக்கலாம்.

3. பாலியேட்டிவ் கேர் எனப்படும் நோய்த்தணிப்புச் சிகிச்சை: வலி, மூச்சுத்திணறல், வாந்தி, தூக்கமின்மை, பயம், பணக் கவலை ஆகியவற்றைக் கவனிப்பது. இது இரண்டாவதோடு சேர்ந்தே, முதல் நாளிலிருந்தே நடக்க வேண்டியது.

4. இறுதிக்காலப் பராமரிப்பு: கடைசி வாரங்களுக்கானது. மூன்றாவதன் ஒரு சிறு பகுதி.

நம் பக்கத்தில் மூன்றையும் நான்கையும் ஒன்றாக்கிவிடுவதால் வரும் துன்பம் பெரியது. "பாலியேட்டிவ்" என்று சீட்டில் எழுதியதும் ‘கைவிட்டுவிட்டார்கள்’ என்று குடும்பம் ஒடிந்துபோகிறது. அமெரிக்காவில் பரவிய நுரையீரல் புற்றுநோயாளிகள் 151 பேரிடம் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு இதற்கு நேரெதிராகச் சொன்னது. வழக்கமான சிகிச்சையோடு ஆரம்பத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த அளவு) 11.6 மாதம், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களுக்கு 8.9 மாதம். அவர்கள் வாழ்ந்த நாட்களின் தரமும் மேலாக இருந்தது.

மருத்துவமனை பார்க்கும் நேரம், பார்க்காத நாட்கள்

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை கீமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். திசையன்விளையிலிருந்தோ கடையத்திலிருந்தோ விடியுமுன் பஸ் ஏறி, வேய்ந்தான்குளம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, ஹைகிரவுண்டுக்கு வந்து, சீட்டுப் போட்டு, இரத்தம் கொடுத்து, முடிவுக்குக் காத்திருந்து, மருத்துவரின் முன்னால் உட்காரும் நேரம் சில நிமிடம். மிச்சமுள்ள இருபது நாளும் நோய் வீட்டில் நடக்கிறது. ஐந்தாம் நாள் வாய்ப்புண், பத்தாம் நாள் காய்ச்சல், இரவில் ஸ்டீராய்டு தரும் தூக்கமின்மை, மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்ற சண்டை எல்லாம் அந்த இருபது நாளில்தான். அந்த நாட்களைப் பற்றிய முழு அறிவும் நோயாளியிடமும் அவரோடு படுத்து எழுந்த ஒருவரிடமும் மட்டுமே இருக்கிறது.

பயணத்தையும் இதில் சேர்க்க வேண்டும். திருநெல்வேலியிலிருந்து திருவனந்தபுரம் சுமார் 150 கிலோமீட்டர். மதுரையும் ஏறக்குறைய அவ்வளவே. சென்னை 600-க்கு மேல். கூடவருபவருக்கும் அன்றைய கூலி போகும். இப்படி மருத்துவத்துக்காகவே செலவாகும் நாட்களை ஒரு பக்கவிளைவாகவே கணக்கில் எடுக்க வேண்டும் என்று புற்றுநோய் மருத்துவர்களில் ஒரு சாரார் 2022 முதல் எழுதிவருகிறார்கள். ஒரு மருந்து இரண்டு மாதம் ஆயுளைக் கூட்டி, அதில் பெரும்பகுதியை பஸ்ஸிலும் வராந்தாவிலும் கழிக்க வைத்தால் அந்தக் கூடுதல் யாருக்கு? இதைச் சொல்லக்கூடியவர் அந்த வராந்தாவில் உட்கார்ந்தவர் மட்டும்தான்.

விரல் நுனியில் ஒரு உதாரணம்

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம் இது. பாக்லிடாக்சல், ஆக்சாலிபிளாட்டின், போர்ட்டிசோமிப் போன்ற மருந்துகள் கை, கால் நரம்புகளைப் பாதிக்கும். விரல் மரத்துப்போகும், எரியும். கேப்சிடபின் மாத்திரை உள்ளங்கையையும் உள்ளங்காலையும் சிவக்கவைத்துத் தோலை உரிக்கும். இந்தப் பாதிப்புகளை மருத்துவர்கள் உலகெங்கும் ஒரே அளவுகோலால் எண்ணிட்டு எழுதுகிறார்கள். நரம்புப் பாதிப்பைப் பொறுத்தவரை சமையல், கடைக்குப் போவது, ஃபோன் பேசுவது போன்றவை தடைப்பட்டால் இரண்டாம் நிலை. குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது தடைப்பட்டால் மூன்றாம் நிலை. மருந்தின் அளவைக் குறைப்பதும் தள்ளிவைப்பதும் இந்த எண்ணைப் பார்த்தே முடிவாகும்.

இப்போது முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ ஆலங்குளத்திலோ பீடி சுற்றும் ஒரு அம்மாவை நினைத்துப் பாருங்கள். சுளகை மடியில் வைத்து, இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நுனியை மடக்கி நூல் கட்டுவது முழுக்க விரல் நுனி உணர்வில் நடக்கும் வேலை. கூலியோ ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கு. "வேலையெல்லாம் செய்ய முடியுதாம்மா?" என்று மருத்துவர் கேட்கிறார். சோறு பொங்குகிறார், துணி துவைக்கிறார். ஆகவே, "செய்யேன் டாக்டர்." சீட்டில் முதல் நிலை என்று ஏறுகிறது. அவர் பீடி சுற்றி இரண்டு மாதமாகிறது என்பது எங்கும் ஏறவில்லை. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிறவருக்கும் இதே கதைதான்.

யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் எழுதப்பட்டபோது பீடி சுற்றுகிறவர் அந்த அறையில் இல்லை, அவ்வளவுதான். "முன்ன ஒரு நாளைக்கு எத்தன பீடி சுத்துவீங்க? இப்ப எத்தன?" என்று ஒரு கேள்வியை ஓ.பி. தாளில் சேர்த்தால் போதும், நரம்புப் பாதிப்பு முன்னதாகவே தெரியவரும். நிரந்தரமாக மரத்துப்போகுமுன் மருந்தைச் சரிசெய்ய வாய்ப்புக் கிடைக்கும். இந்தக் கேள்வியை எந்த மருத்துவ நூலும் தராது. பீடி சுற்றும் நோயாளி தருவார்.

இதே மாத்திரையில் இன்னொன்றும் உண்டு. கேப்சிடபின் நீண்டநாள் எடுப்பவர்களில் சிலருக்குக் கைரேகையே அழிந்துபோவது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. ரேஷன் கடையில் விரலை வைத்து அரிசி வாங்கும் ஊரில் இதன் பொருள் என்ன என்று விளக்கத் தேவையில்லை. புற்றுநோய்ப் பிரிவிலிருந்து ‘மருந்தினால் ரேகை தேய்ந்துள்ளது’ என்று ஒரு கடிதம் முன்கூட்டியே கொடுப்பது பெரிய காரியமில்லை. ஆனால் அது தேவை என்று யாராவது போய்ச் சொல்ல வேண்டும்.

பங்கேற்பு என்பதன் மூன்று நிலைகள்

1. தன் சிகிச்சையில் பங்கேற்பு. அறிகுறிகளைத் தவறாமல் சொல்வது, எந்த மருந்து வேண்டும், எது வேண்டாம் என்ற முடிவில் கலந்துகொள்வது.

2. மருத்துவமனையின் நடைமுறையில் பங்கேற்பு. காத்திருப்பு, மருந்துக் கிடைப்பு, காப்பீட்டு அட்டை அப்ரூவல், காய்ச்சல் வந்தால் போக வேண்டிய வழி போன்றவற்றை மருத்துவமனை ஊழியர்களோடு உட்கார்ந்து திருத்துவது.

3. கொள்கையிலும் ஆராய்ச்சியிலும் பங்கேற்பு. எந்த மருந்து என்ன விலையில் கிடைக்க வேண்டும், எதை ஆராய வேண்டும் என்பதில் குரல் கொடுப்பது.

முதல் நிலைக்கு வலுவான சான்று இருக்கிறது. நியூயார்க்கில் பரவிய புற்றுநோய்க்குக் கீமோ எடுத்த 766 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் பசி, வலி, மூச்சு, வாந்தி முதலான 12 அறிகுறிகளைக் கணினி வழியாகத் தாங்களே பதிவிட்டார்கள். மோசமானால் நர்சுக்கு எச்சரிக்கை போகும். மற்றப் பிரிவினர் வழக்கம்போல் ஓ.பி. நாளில் சொன்னார்கள். 2017-ல் வெளியான முடிவு: பதிவிட்டவர்களின் இடைநிலை ஆயுள் 31.2 மாதம், மற்றவர்களுடையது 26. புதிய மருந்து எதுவும் கொடுக்கவில்லை. சொல்வதற்கு ஒரு வழியும், சொன்னதைக் கேட்டு உடனே ஃபோன் செய்ய ஒரு நர்சும் இருந்தார்கள். கேட்க ஆளில்லாமல் செயலியை மட்டும் கொடுத்தால் இந்தப் பலன் வராது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நிலைக்கு இங்கிலாந்தில் ஒரு முறை உருவானது. லூட்டன் அண்ட் டன்ஸ்டபிள் மருத்துவமனையில் தலை–கழுத்துப் புற்றுநோய்ப் பிரிவில் 2005–06-ல் முதலில் செய்துபார்த்தார்கள். நோயாளிகளின் அனுபவத்தைப் படமெடுத்து, ஊழியர்களையும் தனியே கேட்டு, பிறகு இரு தரப்பையும் ஒரே அறையில் உட்காரவைத்து, எங்கே வலித்தது என்று சேர்ந்து பார்த்து, சேர்ந்தே மாற்றினார்கள். இந்த நிலையில் எவ்வளவு ஆயுள் கூடியது என்று எண்ணால் சொல்வது கடினம். குறையும் அலைச்சலையும் தவறையும்தான் அளக்க முடியும்.

மூன்றாம் நிலைக்குச் சான்று நம் நாட்டிலேயே இருக்கிறது. மேலே சொன்ன இமாட்டினிப் மருந்தின் ஒரு வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் காப்புரிமை கேட்டபோது, எதிர்த்தவர்களில் மும்பையைச் சேர்ந்த புற்றுநோயாளிகள் உதவிச் சங்கமும் ஒன்று. நிறுவனத்தின் மருந்து அப்போது மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய். 2006 ஜனவரியில் சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. இன்று அம்பாசமுத்திரத்தில் ஒருவர் அந்த மாத்திரையை வாங்கி உயிரோடிருக்கிறார் என்றால், அதில் நோயாளிகள் நடத்திய வழக்குக்கும் பங்குண்டு.

மலைக்கு அந்தப் பக்கம் இன்னொரு பாடம். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் தொடங்கிய வலிநிவாரண முயற்சி, 2000-களின் தொடக்கத்தில் மலப்புறத்தில் ஊராரின் கைக்குப் போனது. அக்கம்பக்கத்தவர்களே பயிற்சி எடுத்து வீடுவீடாகப் போனார்கள், அரிசி வாங்கிக் கொடுத்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், நர்சை அழைத்துவந்தார்கள். 2008-ல் கேரள அரசு இதற்கென ஒரு கொள்கையையே அறிவித்து உள்ளாட்சிகளைப் பொறுப்பாக்கியது. மார்ஃபின் என்ற வலிமருந்தின் விஷயமும் இதோடு சேர்ந்தது. 1985-ன் போதைப்பொருள் சட்டத்தால் வலிமருந்தே கிடைக்காத நிலை இருந்தது. வலிநிவாரண மருத்துவர்களும் தொண்டர்களும் பல ஆண்டுகள் வலியுறுத்திய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டு நடைமுறை எளிதானது. சட்டம் திருந்திவிட்டது; "மார்ஃபின் கொடுத்தா அடிமையாயிருவாக" என்ற பயம் நம் வீடுகளில் இன்னும் திருந்தவில்லை. அளவோடு, மருத்துவர் சொன்ன நேரத்தில் எடுக்கும் புற்றுநோயாளிக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. உண்மையான தொல்லை மலச்சிக்கல்தான்; அதற்கு மருந்து கூடவே எழுதவேண்டும்.

நோயாளி வேறு, வீட்டார் வேறு

‘நோயாளியும் குடும்பமும்’ என்று ஒரே மூச்சில் எழுதிவிடுகிறோம். இரண்டும் இரண்டு குரல்.

"அய்யா, அவுகட்ட மட்டும் சொல்லிராதீங்க. தாங்க மாட்டாக." மகன் மருத்துவரின் அறைக்குத் தனியாக வந்து இப்படிக் கேட்பது நம் ஊரில் அன்றாடம். அன்பில் வருவதுதான். ஆனால் முடி கொட்டி, மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அந்த வார்டில் படுத்திருக்கும் அப்பாவுக்குப் பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். மகன் மனம் நோகுமென்று அவரும் கேட்பதில்லை. இருவரும் தனித்தனியே சுமக்கிறார்கள். ஆரம்பத்திலேயே நோயாளியிடம், "டெஸ்ட் முடிவெல்லாம் உங்ககிட்டயே சொல்லவா, வீட்ல யார்கிட்டயாவது சொல்லவா?" என்று கேட்பது நல்ல நடைமுறை. அதற்கு அவர் சொல்லும் பதில் அவருடையதாக இருக்கும்.

வீட்டாருக்குள்ளும் ஒரே குரல் இல்லை. மருத்துவரிடம் பேசுவது ‘விவரம் தெரிஞ்ச’ மருமகனோ, சென்னையிலிருந்து ஃபோனில் வரும் மூத்த மகனோ. மலம் அள்ளி, கஞ்சி ஊட்டி, இரவில் விழித்திருப்பது மருமகளோ மகளோ. மூத்த மகன் இன்னொரு லைன் கீமோ கேட்பார். அம்மா போதும் என்பார். மருமகளுக்கு எல்லாம் தெரியும். அவளை யாரும் கேட்பதில்லை. மேம்பாட்டுக் கூட்டம் என்று போட்டால் விவரம் தெரிந்தவர் வந்து உட்கார்வார். நான் அந்த நாற்காலியை முதலில் மருமகளுக்குத்தான் கொடுப்பேன்.

இரகசியமும் முக்கியம். வீட்டில் கல்யாணத்துக்கு இருக்கும் பெண் உண்டென்றால் அம்மாவின் மார்பகப் புற்றை ஊரறிய விடமாட்டார்கள். ஆகவே ஃபோட்டோ, பேனர், பத்திரிகைச் செய்தி எதுவும் இல்லாத பங்கேற்பாக இருந்தால்தான் பேசுவார்கள்.

நெல்லைச் சீமையில் இதை நடத்த என்ன வேண்டும்?

1965 முதல் இயங்கும் அரசு மருத்துவக் கல்லூரி பாளையங்கோட்டையில் இருக்கிறது. வீட்டுக்கே போய் நோய்த்தணிப்புச் சிகிச்சை தருவதையும் உள்ளடக்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. சட்டகம் இருக்கிறது. அதற்குள் நோயாளியின் அறிவு நுழைய வழி வேண்டும்.

1. சரியான ஆட்களைத் தேர்வது. குணமாகி மேடையில் பேசும் ஒருவரை மட்டும் அழைப்பது வழக்கம். அவர் அனுபவம் மதிப்புள்ளது. ஆனால் குணமாகாத நோயோடு ஆறாம் ஆண்டில் இருப்பவரின் கேள்விகள் வேறு. அவரும், பீடி சுற்றுபவரும், களக்காட்டில் வாழைத்தார் சுமந்தவரும், கவனித்துக்கொள்ளும் பெண்களும், சில மாதம் முன்பு ஒருவரை இழந்த வீட்டாரும் வேண்டும்.

2. தனித்தனியே கேட்பது. நோயாளியை ஒரு தடவை, வீட்டாரை ஒரு தடவை. நோய் என்னவென்று சொல்லப்படாத ஒருவரைப் ‘புற்றுநோயாளிகள் கூட்டம்’ என்று அழைத்துவிடக் கூடாது.

3. நடந்ததைக் கேட்பது. "எப்படி இருக்கு நம்ம ஆஸ்பத்திரி?" என்றால், "நல்லாருக்கு அய்யா" என்பதே பதில். நாளைக்கும் அதே மருத்துவரிடம் வர வேண்டியவர் வேறெப்படிச் சொல்வார்? "கடைசியாக் காய்ச்சல் வந்தப்ப மணி என்ன? மொதல்ல எங்க போனீங்க? அங்க என்ன சொன்னாவ?" என்று கேட்டால் குறை சொல்லும் சங்கடம் இல்லாமல் உண்மை வெளியே வரும். "கனமானத தூக்காதீங்கன்னு சொன்னோமே, குடம் யார் தூக்குதா?" என்ற கேள்வி, எலும்பு பலவீனமான மைலோமா நோயாளிக்கு முறிவைத் தடுக்கும்.

4. அவர்கள் வரும் நாளிலேயே கேட்பது. கீமோ ஏறும் சில மணி நேரம் எப்படியும் உட்கார்ந்திருக்கிறார்கள். தனியே ஒரு நாள் வரச்சொன்னால் பஸ் காசும் அன்றைய கூலியும் தர வேண்டும். ஓசியில் கேட்பது அநியாயம். வர முடியாதவர் வாட்ஸாப்பில் பேசி அனுப்பலாம்.

5. மாற்றும் அதிகாரம் உள்ளவர் அறையில் இருப்பது. நிலைய மருத்துவ அலுவலர், நர்சிங் கண்காணிப்பாளர், மருந்தகப் பொறுப்பாளர், காப்பீட்டு மேசைக்காரர். இவர்கள் இல்லாத கூட்டம் அழுது தீர்க்கும் இடமாக மட்டும் முடியும்.

6. என்ன ஆயிற்று என்று திரும்பச் சொல்வது. செய்ததையும், செய்ய முடியாததையும், காரணத்தையும் ஓ.பி. சுவரில் எழுதிப் போடுவது.

7. இறப்புக்கு இடம் வைப்பது. இந்தக் குழுவில் இருப்பவர்களில் சிலர் அடுத்த ஆண்டு இருக்க மாட்டார்கள். மற்றவர்களுக்கு அதை யார், எப்படிச் சொல்வது, வீட்டுக்கு யார் போவது என்று முன்பே பேசிவைக்க வேண்டும். இடையில் விலகுவதற்குக் காரணம் கேட்கக் கூடாது.

இப்படிக் கேட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு மாதிரி: காய்ச்சல் சீட்டு. கீமோ எடுப்பவருக்கு வெள்ளையணு குறைந்த நாட்களில் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காய்ச்சல் அவசர நிலை. ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போக வேண்டும். ராதாபுரத்தில் இரவு பத்து மணிக்கு இது வந்தால், பக்கத்து கிளினிக்கில் பாராசிட்டமால் கொடுத்து, "காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்று அனுப்பிவிடலாம். ‘இவர் கீமோ எடுப்பவர்; காய்ச்சல் இருந்தால் உடனே இரத்த அணு பரிசோதனையும் ஊசி மருந்தும் தேவை; இந்த எண்ணில் பேசவும்’ என்று கையடக்கச் சீட்டு ஒன்றை நோயாளியே நீட்டினால் பேச்சு வேறாகும். வார்த்தைகளை மருத்துவர் சரிபார்க்கலாம். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், பர்ஸில் வைப்பதா செல்ஃபோன் உறைக்குள் வைப்பதா, மருத்துவரிடம் நீட்டினால் கோபப்படுவாரோ என்ற தயக்கத்தை எப்படித் தீர்ப்பது என்பதெல்லாம் ராதாபுரத்துக்காரர் சொல்ல வேண்டியவை.

எதை எதிர்பார்க்கக் கூடாது

ஆள் பற்றாக்குறையை இது தீர்க்காது. இரண்டு நர்ஸ் பார்க்க வேண்டிய வேலையை நோயாளியின் மகள் தலையில் கட்டிவிட்டு அதைப் பங்கேற்பு என்று அழைப்பது ஏமாற்று. நோயின் போக்கையும் இது முழுதாக மாற்றாது. எந்த மருந்தைக் கொடுப்பது என்ற மருத்துவ அறிவின் இடத்தில் நோயாளியின் அறிவு உட்காராது. அந்த மருந்து ஒரு வீட்டில் என்ன செய்கிறது என்ற அறிவின் இடத்தில் வேறு யாரும் உட்கார முடியாது.

அடுத்த ஓ.பி.க்குப் போகுமுன்

குழுவும் கூட்டமும் வரும்வரை காத்திருக்க வேண்டாம். முதல் நிலைப் பங்கேற்பை ஒரு நாற்பது பக்க நோட்டில் இன்றே தொடங்கலாம்.

1. தேதி போட்டு வலி, தூக்கம், சாப்பாடு, வெளிக்குப் போனது, காய்ச்சல் என்று நாளுக்கு ஒரு வரி. எழுதத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகும் பேரன் எழுதட்டும்.

2. போன மாதம் செய்ய முடிந்து இந்த மாதம் முடியாத வேலை எது என்று தனியே ஒரு வரி. பீடி, பாய், பூக்கட்டு, மாடு கறப்பது, சட்டைப் பொத்தான் போடுவது, எதுவானாலும்.

3. விட்டுப்போன மாத்திரையையும் காரணத்தையும் மறைக்காமல். ‘கடையில் இல்லை’, ‘காசில்லை’, ‘குமட்டியது’ மூன்றுக்கும் மருத்துவர் செய்யக்கூடியது வேறு வேறு.

4. மருத்துவரிடம் கேட்க இரண்டே கேள்வி, முதல் பக்கத்தில். உள்ளே போனதும் நோட்டை அவர் பக்கம் திருப்பிவைத்துவிடலாம்.

5. பார்த்துக்கொள்பவர் தனக்கென்று ஒரு பக்கம்: எத்தனை இரவு தூங்கவில்லை, எத்தனை நாள் வேலை போயிற்று, எவ்வளவு கடன். நோய்த்தணிப்புப் பிரிவின் நர்சிடமோ சமூகப் பணியாளரிடமோ காட்ட வேண்டிய பக்கம் இது.

நோட்டில் எழுதிவிட்டு அடுத்த தேதிவரை பொறுத்திருக்கக் கூடாதவை நான்கு: கீமோ நாட்களில் வரும் காய்ச்சல், முதுகுவலியோடு திடீரென்று காலில் பலம் குறைவது அல்லது சிறுநீர் நின்றுபோவது, நிற்காத இரத்தக்கசிவு, படுக்கவிடாத மூச்சுத்திணறல். இவற்றுக்கு 108-ஐக் கூப்பிட வேண்டும். காலில் பலம் குறைவது தண்டுவடம் அழுந்துவதால் இருந்தால், ஒரு நாள் தாமதமே நிரந்தரமாகப் படுக்கையில் தள்ளிவிடலாம்.